கம்பம்மெட்டுச் சாலையில் நாங்கள் எண்ணிய மூன்று பேர்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. தேனி புதிய பேருந்து நிலையத்தில் கம்பம் வண்டி ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். இந்தச் சாலை எனக்குப் புதிதல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தேனிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இருபதாண்டுப் போக்குவரத்துத் திட்டம் போட்ட குழுவில் நானும் ஒருவன். எந்தச் சாலையை அகலப்படுத்துவது, எந்தத் தடத்தில் பேருந்து விடுவது என்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எல்லாம் முடிவு செய்தோம். பழனிசெட்டிபட்டி நெரிசலில் வண்டி அரை மணி நேரம் நின்றது. நாங்கள் வரைந்த இணைப்புச் சாலை இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது.

வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். சன்னலுக்கு வெளியே வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாக வந்துகொண்டே இருந்தன. ரசிக்க மனம் ஓடவில்லை. போன ஐப்பசியில் செய்தித்தாளில் நாலு வரி படித்தேன். கம்பம்மெட்டு மலைச்சாலையில், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிச் சென்ற ஜீப் கவிழ்ந்தது, பதினான்கு பேர் இருந்தனர், ஒருவர் இறந்தார். திட்டத்துக்காக நானும் நின்று எடுத்த கணக்கெடுப்பில் அந்தச் சாலையில் ஜீப்புக்கு மூன்று பேர்தான். அந்த மூன்றை நம்பித்தான், காலைப் பேருந்துக்குப் போதிய பயணிகள் இல்லை என்று அறிக்கையில் என் கையால் எழுதினேன். மூன்று எப்படிப் பதினான்கு ஆனது என்று பார்க்கத்தான் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை, காலை ஐந்து மணி. கம்பத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, செல்வம் என்பவரின் ஜீப்பில் மலைமேல் கம்பம்மெட்டுவரை இடம் கேட்டேன். நான் ஏறுமுன் எண்ணினேன். பதினான்கு பெண்கள். சேலைக்கு மேல் பழைய சட்டை, மடியில் சோற்று வாளி. பின்சீட்டு ஓரத்தில் எனக்கு இடம் விட்டவர் பேச்சியம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"நல்லா உள்ள தள்ளி உக்காருங்க சார். வளைவுல வெளிய போயிருவீக."

சாலை சம்பந்தமான வேலை பார்ப்பதாக மட்டும் அவரிடம் சொன்னேன்.

"அப்ப எங்களுக்கு ஒரு பஸ்ஸு விடச் சொல்லுங்க. மனுக் குடுத்தோம். ஏறுறதுக்கு ஆளு இல்லைன்னு எழுதி அனுப்பிட்டாக. எந்தக் கண்ணு பாத்துச்சோ."

அந்தக் கண் என்னுடையதுதான்.

அடிவாரத் தென்னந்தோப்பு வந்ததும் பேச்சியம்மா சிரித்தார். "இங்கன ஒருதடவ பச்சைச் சட்டையப் போட்டுக்கிட்டு, வண்டிய நிறுத்தி ஆளு எண்ணுனாக. கூட ஆளு ஏத்துனது தெரிஞ்சா செல்வத்தோட லைசென்ஸு போயிரும்ல? வண்டி நின்னா எங்க சம்பளமும் போச்சு. மூணு பேர மட்டும் ஜீப்புல விட்டுட்டு, மத்தவுகள தோப்புக்கு முன்னாடியே இறக்கி வரப்பு வழியா நடத்திக் கூட்டிப்போயி அந்தப் பக்கம் ஏத்திவிட்டேன். மூணு நாளும் நாந்தேன். என்னையப் பாத்து மத்த ஜீப்புக்காரவுகளும் அப்படியே செஞ்சாக."

மற்ற பெண்களும் சிரித்தார்கள். மூன்று நாள் நின்றோம், எதற்காக நிற்கிறோம் என்று ஒரு பலகைகூட வைக்கவில்லை. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு கொண்டைஊசி வளைவு வந்தது. பேச்சியம்மா பள்ளத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இங்கனதேன் என் தங்கச்சி லெச்சுமி போனா. அவ முன்னாடி ஜீப்புல. நான் பின்னாடி வந்தேன்."

செய்தித்தாளின் அந்த ஒருவர். நான் வாளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்குக் கம்பம்மெட்டில் இறங்கினோம். தோட்டத்து வண்டிக்காகக் காத்து நின்றபோது பேச்சியம்மா கேட்டார்.

"ஏன் சார், அன்னைக்கு அவுக எதுக்கு எண்ணுனாக? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"கூடுதலா ஆள் ஏத்துற வண்டியைப் பிடிக்கத்தாம்மா" என்று பொய் சொன்னேன்.

"நான் சொன்னேன்ல." அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "லெச்சுமி மட்டுந்தேன் சண்ட போட்டா. காலு வலிக்குது, இறங்க மாட்டேன்னு. நாந்தேன் வஞ்சு இறக்கிவிட்டேன்."

தோட்டத்து வண்டி வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போனார்.

காலி ஜீப்பில் செல்வத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கினேன்.

"அன்னைக்கு நின்ன சாருதேன நீங்க?" என்றார் பாதி மலையில். "பஸ்ஸு விடுறதுக்குத்தேன் எண்ணுனாகன்னு, மனுவப் பத்திக் கேக்கப்போன இடத்துல சொன்னாக. பேச்சியக்கா அன்னைக்குக் கூட வரல. நானும் சொல்லல. நீங்களும் சொல்லிராதீக."

"சொல்லல" என்றேன்.

காலை எட்டரைக்குக் கம்பத்தில் தேனி வண்டி பிடித்தேன். என் அறிக்கை தவறு, மறுபடி எண்ண வேண்டும் என்று மடியில் காகிதம் வைத்துக் கடிதம் எழுதத் தொடங்கினேன். போன முறை போல அந்தப் பெண்கள் வரப்பு வழியே ஒளிந்து நடந்துவிடக் கூடாதே. ஆகவே, 'இது பேருந்துக்கான கணக்கு, போன முறையும் அதற்குத்தான் எண்ணினோம் என்று கம்பத்தில் தெருத்தெருவாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்' என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் உறைத்தது. அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் பேச்சியம்மா இருக்கிறார். தான் ஆளை மறைத்ததால்தான் பேருந்து வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த வரியை அடித்தேன். சின்னமனூர் வரை அது அடித்தபடியே கிடந்தது. திங்கட்கிழமை காலையும் பதினான்கு பேர் அந்த வளைவைக் கடப்பார்கள். சின்னமனூர் தாண்டியதும் அதே வரியை மறுபடி எழுதினேன். அவர் அதை எப்படித் தாங்குவார் என்று எனக்குத் தெரியவில்லை.