கட்டிக்குள் காற்றைத் தேடிய கோமதி டாக்டர்

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது எங்கள் ஸ்கேன் அறை டெக்னீஷியன் ஸ்ரீகுமார் போனில் கூப்பிட்டார். "சாரே, நம்ம கோமதி மேடம் போயாச்சு. நெஞ்சுவேதனை. ஆஸ்பத்திரிக்குப் போய் எத்துறதுக்குள்ள..." வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். நாகர்கோவில்காரர். திருவனந்தபுரத்தில் எங்கள் புற்றுநோய் மருத்துவமனையில் அவர் ஸ்கேன் டாக்டர், நான் கதிர்வீச்சு டாக்டர். தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு ஒரே பித்து. பிராணவாயு குறைந்த கட்டி கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாது. அதை முன்கூட்டியே படத்தில் பார்த்துவிட வேண்டும். வெளிநாட்டில் அதற்கென்று தனி மருந்தும் மெஷினும் இருப்பதாகச் சொல்லி நான் பெருமூச்சு விட்டால், "இல்லாத மெஷினுக்கு ஒப்பாரி வைக்காதீங்க டாக்டரே, இருக்கறத வச்சுப் பாப்போம்" என்பார்.

இருந்தது ஓர் எம்.ஆர்.ஐ. நோயாளியைச் சாதாரணக் காற்றோடு ஒரு படம், முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுத்து இன்னொரு படம் எடுப்பார். ஆக்சிஜன் எட்டும் இடம் இரண்டாவது படத்தில் வெளுக்கும். இரும்பு சிலிண்டரைக் காந்தம் இழுத்துவிடும் என்பதால் அதை வெளியே வைத்து, சுவரில் துளை போட்டுக் குழாயை உள்ளே கொண்டுபோனார். துளைக்கு அனுமதி வாங்க அவர் போட்ட சண்டை தனிக்கதை.

சாலைக் கடைத்தெருவில் பழம் கூவி விற்ற சுடலைமுத்து வந்தது அப்போதுதான். தென்காசிப் பக்கத்துக்காரர். குரல்வளையில் கட்டி, கழுத்தில் அது பரவி வீங்கிய ஒரு நெறி. கதிர்வீச்சா, குரல்வளையை எடுத்துவிடுவதா என்று எங்களுக்குள் இழுபறி. படத்தில் நெறி துளிகூட வெளுக்கவில்லை. கதிர்வீச்சு பலிக்காது, எடுத்துவிடலாம் என்று முடிவுக்கு வந்தோம். தன் முறையை நம்பி எடுத்த முடிவு என்று கோமதி டாக்டர் மகிழ்ந்திருக்கலாம். அவரோ, துளிகூட வெளுக்காமல் இருப்பது எப்படி என்று படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வார்டுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"அண்ணாச்சி, உள்ள கெடந்தப்போ என்ன செய்தீங்க?"

"ஒண்ணும் செய்யல தாயீ. நீங்க மைக்குல சொகமான்னு கேக்கும்போதெல்லாம் மூடிய எடுத்துட்டு பதில் சொன்னேன். பெரியவங்க கேக்கையில வாய மூடிக்கிட்டா பேசுறது?"

நாங்கள் அவரைத் தைரியப்படுத்துவதாக நினைத்து ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம். அவரும் ஒவ்வொரு முறையும் மரியாதையாக ஆக்சிஜனை விலக்கியிருக்கிறார். குழாய்க்குள் அவர் கால் மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. முகமூடிக்குள்ளிருந்து இவ்வளவு தெளிவாக எப்படிக் கேட்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கோமதி டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுசன் தொண்டைய அறுத்திருப்போமே" என்றார்.

மறுபடி படம் எடுத்தபோது மைக்கை அணைத்துவிட்டு அவர் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தோம், வேண்டுமானால் அமுக்கச் சொல்லி. நெறி வெளுத்தது. ஆனாலும் கோமதி டாக்டர் அவரிடம் ஒளிக்கவில்லை. "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது சாமி வாக்கு இல்ல. கதிர்வீச்சு கேக்கலைன்னா அறுக்கத்தான் வேணும்." சுடலைமுத்து, "நீங்களா இருந்தா என்ன செய்வீய?" என்று கேட்டார். "என் கொரலுக்கு ஒரு வழி விட்டுப் பாப்பேன்" என்றார்.

கதிர்வீச்சு கேட்டது. அந்த முறையை எல்லோருக்கும் செய்யலாம் என்று நாங்கள் கிளம்பியபோது, இன்னும் நிறையப் பேரைப் பார்க்காமல் கூடாது என்று கடைசிவரை தடுத்தவரும் அவர்தான். அந்த நேர்மை எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது மலைப்பாக இருக்கிறது.

இன்றும் எந்த ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் முன்பும் நோயாளியிடம் போய் உட்கார்ந்து, என்ன செய்தீர்கள் என்று கேட்கிறேன். அது அவர் எனக்கு விட்டுப்போனது. இன்னொன்றும் இருக்கிறது. மயானத்துக்கு எடுத்துச் செல்லும்போது நாங்கள் டாக்டர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் நடந்தோம். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சுடலைமுத்து "தாயீ!" என்று கூப்பிட்டார். தெருக்கோடி வரைக்கும் கேட்டது.