படகுத்துறையில் டுவேன் எழுதிய பலகை

என் அண்ணன் டுவேன் ஹாக்லண்ட் முப்பத்தோரு வருடம் எங்கள் ஊர்ப் போலீஸில் வேலை பார்த்தான். துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தது இரண்டே தடவை. இரண்டும் சாலையில் அடிபட்டுத் துடித்துக்கொண்டிருந்த மான்களுக்காக. அக்டோபரில் அவனை அடக்கம் செய்த அன்று போதகர் அவனை வீரன் என்றார். அவன் கேட்டிருந்தால் சிரித்திருப்பான்.

அமெரிக்காவில் மினசோட்டாவின் வடபகுதியில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் நிலையத்தில் மொத்தமே நாலு போலீஸ்காரர்கள். மக்களோடு பழகுகிற வேலையை டுவேன் கேட்டு வாங்கிக்கொண்டான். வியாழக்கிழமை காலையில் காபிக் கடையின் ஜன்னலோர மேஜையில் சீருடையோடு உட்கார்ந்திருப்பான். யார் வேண்டுமானாலும் எதிரே வந்து உட்கார்ந்து குறை சொல்லலாம். குழந்தை பெற்றவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் நிலையத்தில் நிறுத்துவார்கள். காரில் குழந்தை இருக்கையை முழங்காலால் அழுத்தி, பட்டையை இறுக்கித் தருவான். ஹாலோவீன் அன்று வேஷம் போட்ட பிள்ளைகளை வழிமறித்து முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டுவான். "பேய்னா பயமுறுத்தணும், வண்டியில அடிபடக் கூடாது" என்பான்.

ஆனால் ஊர் அவனை நினைவில் வைத்திருப்பது பலகையால்தான். அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பிக்கப் வண்டி ஐஸை உடைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கிவிட்டது. உள்ளே இருந்தவர்களை வெளியே எடுத்தபோது டுவேன் அங்கே இருந்தான். அதைப் பற்றி அவன் என்னிடம்கூடப் பேசியதில்லை. அடுத்த டிசம்பரில் படகுத்துறையில் ஒரு கரும்பலகையை நட்டான். ஏரி உறைந்ததும் தினமும் காலையில் ஏழு இடங்களில் துளை போட்டு, அளவுகோலை விட்டுப் பார்த்து, எத்தனை அங்குலம் என்று அதில் எழுதுவான். 'பயமில்லை' என்று ஒருநாளும் எழுதியதில்லை.

"அது ஐஸ், மார்லிஸ். அதுக்கு நான் ஜாமீன் நிக்க முடியாது. கணக்கைச் சொல்றேன், போறவன் முடிவு பண்ணட்டும்."

அவன் எழுத ஆரம்பித்த பிறகு எங்கள் ஏரி யாரையும் விழுங்கவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன், பிப்ரவரி மீன்பிடிப் போட்டிக்கு முந்தைய நாள் அவன் பலகையில் ஊற்றுப் பக்கம் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் பதினான்கு என்று எழுதினான். பன்னிரண்டு இருந்தாலே பிக்கப்பை ஏரிமேல் ஓட்டிப் போவது எங்கள் வழக்கம். எழுதிவிட்டுத் திரும்பியவனுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. துளையிலிருந்து வந்த தூள் பால் மாதிரி வெள்ளையாக இருந்ததாம். ரம்பத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போய் ஒரு பாளத்தை அறுத்து எடுத்தான்.

மதியம் தீயணைப்பு நிலையத்தில் போட்டிக்கு மேஜை போட்டுக்கொண்டிருந்தோம். டுவேன் அந்தப் பாளத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தான். போட்டியை நடத்துகிறவன் லைல் ஓஸ்ட்பி. ஊரில் தூண்டில் இரைக் கடை வைத்திருப்பவன், டுவேனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன்.

"என்னய்யா இது, விஸ்கிக்கா?" என்றான் லைல். எல்லோரும் சிரித்தார்கள்.

"மேல ஒன்பது அங்குலம் வெள்ளை. பனி விழுந்து, உருகி, திரும்ப உறைஞ்சது. கீழ அஞ்சுதான் கருப்பு, நிஜ ஐஸ். வெள்ளை பாதி பாரம்தான் தாங்கும். கூட்டிப் பாரு, பத்துகூட வராது."

"பதினாலுன்னு காலையில நீதானே எழுதின?"

"ஆமா. தப்பா எழுதிட்டேன். இத்தனை வருஷமா நிறத்தைப் பாக்காம எழுதியிருக்கேன்."

சீருடையில் இருக்கும் ஒருவர் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சுத்தியலை எடுத்து வெள்ளைப் பக்கத்தில் ஒரு அடி அடித்தான். சர்க்கரைக் கட்டி மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. கருப்பில் அடித்தான். சுத்தியல் துள்ளியது.

"ஏரியில யாரும் சுத்தியல் அடிக்கப் போறதில்ல, டுவேன்."

"நாளைக்கு வண்டி ஒண்ணுகூட இறங்காது, லைல். நடந்து போகட்டும். தள்ளித் தள்ளி உக்காரட்டும். போலீஸ் தலைவர்கிட்ட பேசிட்டேன், முடிவை என்கிட்ட விட்டுட்டார்."

லைலின் முகம் சிவந்துவிட்டது. "ஒரு மைல் ஐஸ்ல சாமானை இழுத்துட்டு எவன்டா வருவான்? சரி, நாளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு வை. அடுத்த வருஷம் உன் பலகைய எவன் படிப்பான்?"

டுவேன் பயந்ததும் அதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். வண்டிகள் இறங்காவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாவிட்டால், அவன் சொன்னது சரிதான் என்று காட்ட வழியே இல்லை.

"ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானே எனக்குச் சம்பளம்" என்றான்.

மறுநாள் விடிவதற்குள் ரோந்து வண்டியைப் படகுத்துறைக்குக் குறுக்கே நிறுத்தி, வெளியே நின்றான். வந்தவர்கள் சறுக்குப் பலகைகளில் சாமானை ஏற்றி இழுத்துப் போனார்கள். போகிற போக்கில் அவனைத் திட்டினார்கள். "ஆபீசர், என் பூட்ஸ் கனமா இருக்கு, கழட்டிட்டுப் போகவா?" என்று ஒருத்தன் கேட்டான். டுவேன் அவன் பூட்ஸைக் குனிந்து பார்த்து, "வேணாம், தலைதான் காலியா இருக்கே, சமமாயிடும்" என்றான். வழக்கமாக வருகிற கூட்டத்தில் பாதிதான் வந்தது. ஒன்றும் ஆகவில்லை.

அந்த வசந்தம் முழுக்கக் கேலிதான். பலகையில் யாரோ ரப்பர் மிதவை போட்ட வாத்தை வரைந்து, போலீஸ் தொப்பியும் மாட்டிவிட்டிருந்தார்கள். அடுத்த டிசம்பரிலிருந்து டுவேன் நடுவில் கோடு போட்டு, வெள்ளை, கருப்பு என்று இரண்டு வரிசையாக எழுதினான். லைல் நாலு மாதம் கழித்துப் பேச ஆரம்பித்தான். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம், "அந்த வெள்ளை கருப்பு ஜோசியமெல்லாம் வேணாம், என்னைக் கேளுங்க" என்பான். டுவேன் ஓய்வு பெற்ற பிறகும் எழுதினான். லைல் அப்போதும் அதையே சொன்னான்.

"உனக்கு வலிக்கலையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"திட்டறதுக்காவது படிக்கறாங்களே, மார்லிஸ்."

இந்த டிசம்பரில் ஏரி உறைந்தது. இனி பலகையில் யார் எழுதப் போகிறார்கள் என்று, அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடத் திருப்புளியோடு போனேன். பலகையில் புது எழுத்து இருந்தது. நடுவில் கோடு, ஆறு இடத்துக்கும் வெள்ளை ஒன்று, கருப்பு நாலு. கரையை ஒட்டி ஐஸ்மேல், பழுதான முழங்காலைச் சாக்குமேல் ஊன்றி, லைல் ரம்பம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏழாவது எங்க போடுவான் உங்க அண்ணன்?" என்று கத்தினான்.

"முனைக்கு இந்தப் பக்கம், ஊற்று இருக்கற இடம், அங்க ஐஸ் மெல்லிசு. கரையிலிருந்தே கைய நீட்டிப் போடுவான். நீ என்ன, ஜோசியம் பாக்கறியா?"

மூச்சு வாங்க எழுந்து, நான் சொன்ன இடத்துக்குக் கரையோடு நடந்து வந்தான். "வாயால ஆயிரம் சொல்வேன். பதினோரு வருஷமா என் வண்டிய நான் எங்க நிறுத்தினேன்னு பாத்தியா?"

யோசித்தேன். அந்தச் சிவப்பு பிக்கப் ஒவ்வொரு குளிர்காலமும் பலகைக்குப் பக்கத்தில், கரைமேல்தான் நின்றிருக்கிறது. கருப்பு வரிசையில் பன்னிரண்டு வரும்வரை அது ஏரியில் இறங்கி நான் பார்த்ததில்லை.

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவனுக்கு என் வண்டி தெரியாதா?" என்றான். ஊற்றுப் பக்கம் குனிந்து துளை போட்டு அளவுகோலை விட்டான். "வெள்ளை இல்ல. கருப்பு ரெண்டரை. எழுதிக்கோ."

பலகையின் கீழ்ச் சட்டத்தில் டுவேன் விட்டுப்போன சாக்பீஸ் துண்டு இருந்தது. எழுதினேன்.