சுகர் வந்த ஏலக்காய் மூட்டை

என் கணவர் எங்கே இருக்கிறார் என்பதில் எனக்கு முப்பது வருஷமாக ஒரு குழப்பமும் இருந்ததில்லை. திங்கள் காலை போடியில் ஜீப் ஏறுவார். போடிமெட்டைத் தாண்டி உள்ளே இறங்கும் மண்பாதையில் எங்கள் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி ஓர் அறை, ஒரு கட்டில், ஓர் அடுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் வரை அதுதான் அவருக்கு வீடு. இதில் தெரியாமல் போக என்ன இருக்கிறது? எல்லாம் என் மகள் அந்த ஆப்பை என் போனில் ஏற்றும் வரைக்கும்தான்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். போன வருஷம் இவர் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் தோட்டத்துக்குள் போய்ச் செடிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டார். ஏலச்செடி ஆளை விட உயரம். உள்ளே விழுந்தவரை யார் பார்ப்பது? காய் எடுக்க வந்த பெண்கள் கண்டுபிடித்துச் சர்க்கரையை வாயில் போட்டதால் பிழைத்தார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை என்றாள். பொங்கலுக்கு வந்தபோது எங்கள் மூன்று பேர் போனிலும் குடும்பப் பாதுகாப்பு ஆப் ஒன்றைப் போட்டுவிட்டாள். மேப் விரிந்தது. அதில் மூன்று பச்சைப் புள்ளிகள்.

"இதான் நீ, இதான் நான், இதான் அப்பா. யாரு எங்க இருக்கோம்னு எப்பப் பாத்தாலும் தெரியும்மா."

"பாத்து?"

"பாத்துட்டு நிம்மதியா இரு."

கூடவே ஒரு தாள் நிறைய ஸ்டிக்கர். டீக்கடையில் காசு அனுப்ப ஒட்டி வைத்திருப்பார்களே, அதே மாதிரி கறுப்புக் கட்டம் போட்ட க்யூஆர் கோடு. அப்பா எங்காவது மயங்கிக் கிடந்தால், பார்க்கிறவர்கள் போனில் அதை ஸ்கேன் செய்தால் போதுமாம். இவருக்கு சுகர், இன்ன மருந்து சாப்பிடுகிறார், உடனே குடும்பத்துக்குச் சொல்லுங்கள் என்று வருமாம். அந்த நிமிஷமே எங்கள் போனும் அடிக்குமாம். தண்ணீர் பட்டாலும் அழியாது என்றாள். இவர் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்கு ஆத்தா" என்றார். அதைத் தாண்டி அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. எனக்கும்தான் விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு டீச்சரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "எம் மகனும் போட்டுவிட்டான். சிலமலைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனா, பஸ்சு விட்டு இறங்குறதுக்குள்ள போன் போட்டு எதுக்கும்மா அங்க போனங்குறான். அன்னைக்கே அழிச்சுட்டேன். எம் மாமியாகூட என்னைய இப்படிக் கேட்டதில்ல." எனக்கு அப்படி இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. சோறு வடிக்கும்போது பார்ப்பேன், துணி காயப்போடும்போது பார்ப்பேன்.

பிடித்தது நாலு நாள்தான். இவருடைய புள்ளி அசையவே இல்லை. காலை ஏழு மணிக்கு எங்கே இருந்ததோ சாயங்காலம் ஆறு மணிக்கும் அங்கேயே இருந்தது. அடப்பாவி மனுஷா, முப்பது வருஷமாக இடுப்பு ஒடியுது, கால் ஒடியுது என்று சனிக்கிழமை ராத்திரியானால் தைலம் தேய்க்கச் சொன்னீரே, இப்படி உட்கார்ந்தேதான் ஒடிந்ததா? எனக்கு ஆத்திரமாக வந்தது. சனிக்கிழமை வந்தவரிடம் செருப்பைக் கழற்றுமுன் கேட்டேன்.

"ஏங்க, நாள் பூரா ஒரே எடத்துல உக்காந்துட்டு அங்க என்ன சோலி பாக்குறீங்க?"

அவர் போனை வாங்கிப் பார்த்தார். சிரித்தார். "ஏய், இது நான் இல்ல. டப்பா."

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. எங்கள் சரிவில் டவர் கிடையாது. ஸ்டோருக்கு மேலே நிற்கும் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும் கொஞ்சம் எடுக்கும். அந்த மரத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். காலையில் வேலைக்கு இறங்கும்போது எல்லோரும் போனை அதில் போட்டுவிட வேண்டும். மணி அடித்தால் ஸ்டோரில் இருக்கிறவர்கள் சத்தம் கொடுப்பார்கள். நான் நாலு நாளாகப் பார்த்து நிம்மதியடைந்தது அந்த டப்பாவைத்தான்.

மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "டப்பா இருக்குற எடத்துலதானம்மா அப்பாவும் இருப்பாங்க?" என்றாள். சரியாகத்தானே சொல்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஸ்டிக்கர் கதை வேறு. ஒன்றைக் குடையில் ஒட்டிக்கொண்டார். எங்கள் ஜீப் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, குடையிலேயே காசு வாங்குறாரே மாமா என்று விளையாட்டுக்கு ஸ்கேன் செய்திருக்கிறார். எனக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் போன் அலறியது. அவள் கோயம்புத்தூரில் அழ, நான் இங்கே அழ, கடைசியில் டிரைவர் போனில் வந்து, "யக்கா, பத்து ரூவா போட்டு மாமாவ ஓட்டலாம்னு பாத்தேன். அவருக்கு சுகருன்னு வருது, என்னாக்கா இது?" என்றார். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அந்த டிரைவர் இருபது வருஷமாக எங்கள் தெரு வழியாகத்தான் போகிறவர். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போவார், சாயங்காலம் இறக்குவார். திரும்பும்போது எங்கள் வாசலில் இரண்டு ஹாரன் அடிப்பார். மேலே அவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். நானும் எட்டிப் பார்த்துக் கையைக் காட்டுவேன். வருஷக்கணக்காக அப்படித்தான். ஸ்டிக்கர் கூத்துக்குப் பிறகு, ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை அவர் ஹாரன் அடித்தபோது எனக்குச் சுருக்கென்று வந்தது. வாசலுக்குப் போய், "இனி இந்த ஹாரன் சோலியெல்லாம் வேணாம்ப்பா. தெருவே எட்டிப் பாக்குது. எல்லாம் எனக்குப் போன்லயே தெரியுது" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "சரிக்கா" என்று போய்விட்டார்.

இவருக்குப் போன் போடுவதும் அப்படியே குறைந்தது. அவருக்கு வந்த போனை எடுக்கத்தான் தெரியும், போடத் தெரியாது. முன்பெல்லாம் இரண்டு நாளைக்கு ஒருமுறை நான்தான் கூப்பிடுவேன். ஸ்டோரிலிருந்து யாராவது சத்தம் கொடுத்து, இவர் மேடேறி மூச்சு வாங்க வந்து, "சாப்டியா?" என்று மலையே கேட்கக் கத்துவார். புள்ளிதான் இருக்கிறதே, பாவம் எதற்கு மனுஷனை மேடேற வைக்க வேண்டும் என்று நிறுத்தினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

ஹாரனை நிறுத்திய அந்த வாரமே அடைமழை பிடித்துக்கொண்டது. அந்தச் சனிக்கிழமை காய் நனைந்துவிடும் என்று இவர் கீழே இறங்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மரம் விழுந்து மலையில் கரண்ட் போய்விட்டது. மூன்றாம் நாள் இவருடைய புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது. சார்ஜ் இல்லை, அவ்வளவுதான் என்றாள் மகள். இரண்டு நாள் அந்தச் சாம்பல் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி இருக்கும். போன் அலறியது. அப்பாவின் கோடு ஸ்கேன் செய்யப்பட்டது, இடம் போடிநாயக்கனூர் என்று காட்டியது. படித்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் புள்ளி பச்சையானது. அதுவும் போடியில். எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, ஏலக்காய் குடோன் பக்கம்.

மகள் கூப்பிட்டாள். "ம்மா, அப்பா இறங்கி வந்துட்டாங்க. பாதுகாப்பா இருக்காருன்னு காட்டுது."

"அப்ப ஸ்கேன் பண்ணது யாரு? விழுந்து கெடக்காரா?"

"தெரியலம்மா. நீ போய்ப் பாரேன்."

பாதுகாப்பாக இருக்கிறாரா, விழுந்து கிடக்கிறாரா? ஒரே போன் இரண்டையும் சொல்கிறது. எதை நம்புவது? உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன்.

குடோனில் ஜீப் நின்றது. டிரைவர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். எடை போடுகிறவர் என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, நல்ல வேளை. நாங்களே ஒண்ணும் புரியாம நிக்குறோம். இந்த மூடைக்கு சுகர் இருக்காம், காலையில இன்சுலின் போடுதாம்" என்று போனை நீட்டினார். எங்கள் ஏலக்காய் மூட்டை. அதன் மேல் மகள் கொடுத்த ஸ்டிக்கர். மற்றவர்கள் மூட்டையோடு கலந்துவிடாமல் இருக்க இவர் வழக்கமாகச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு அனுப்புவார். மழையில் அது கரைந்து ஓடிவிடும். தண்ணீர் பட்டாலும் அழியாது என்று மகள் சொன்னது மட்டும் மனுஷனுக்குப் புரிந்திருக்கிறது.

"அவரு எங்க?"

"அவரு மேலல்லக்கா இருக்காரு" என்றார் டிரைவர்.

"புள்ளி இங்க காட்டுதேப்பா!"

அவர் சுவரோரம் கையைக் காட்டினார். அங்கே பிஸ்கட் டப்பா. அதற்குள் ஏழெட்டுப் போன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வயர். கரண்ட் போனால் டப்பாவையே ஜீப்பில் கொடுத்தனுப்பி, கீழே சார்ஜ் ஏற்றி மறுநாள் வாங்கிக்கொள்வார்களாம். இவருடைய போனும் அதில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாமல் ஆளுடைய எல்லாமும் போடிக்கு வந்து சேர்ந்திருந்தது.

"ஆளுக யாரும் கூட இருக்காகளா?"

"இல்லக்கா. மழைன்னு எல்லாரும் மத்தியானமே இறங்கிட்டாக. பாதை சேறுன்னு நான் ரோட்டுலயே நின்னுட்டேன், வாங்க மாமான்னு ஆளுககிட்டச் சொல்லிவிட்டேன். காய் அடுப்புல கெடக்குன்னு சொல்லியனுப்பிட்டாரு. சாயங்காலம் உங்ககிட்ட சொல்லலாம்னு நெனச்சேன், நீங்கதான் வாசல்ல நிக்க வேணாம்னு..."

அவர் முடிக்கும் முன் நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "வெரசா எடுப்பா" என்றேன். பாதி இறக்கிய லோடோடு எடுத்தார்.

ஊசி வளைவுகள் தொடங்கியதும் மகள் மறுபடி கூப்பிட்டாள். குரலில் பதற்றம். "ம்மா, நீ பாதுகாப்பு வளையத்தத் தாண்டிட்டன்னு காட்டுது. எங்க போற? அப்பா போடியில பத்திரமா இருக்காங்க, நீ ஏன் மலையில போற?"

"அது டப்பாடி!" என்று கத்தினேன். டவர் போய்விட்டது.

வழியெல்லாம் மழை. காலையில் ஊசி போட்டிருப்பார். சாப்பிட்டிருப்பாரா? விழுந்தால் இந்த முறை யார் இருக்கிறார்கள்? டிரைவரையும் திட்டினேன், மகளையும் திட்டினேன், யாரென்றே தெரியாத ஆப்காரனையும் திட்டினேன்.

போடிமெட்டு தாண்டி எங்கள் மண்பாதை பிரியும் இடத்தில், ரோட்டோரப் பாலக் கட்டையில் ஒருவர் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார். குடையில் ஸ்டிக்கர் புத்தம் புதிதாக இருந்தது. அவரைப் பார்த்ததும் டிரைவரின் கை தன்னால் போய் இரண்டு ஹாரன் அடித்தது.

இறங்கி ஓடினேன். வியர்வையில் அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் என்மேல் பட்டும் என்னைப் பார்க்கவில்லை. வேலைக்கு வரும் பெண் யாரோ என்று நினைத்தார் போல. குழறிக் குழறிச் சொன்னார்.

"ஹாரன் அடிச்சுட்டான். வீட்ல நல்லாருக்கா. நான் திரும்பிப் போறேன், காய் அடுப்புல கெடக்கு."

எழுந்தவரைப் பிடித்து உட்கார வைத்து, டிரைவர் வைத்திருந்த கடலைமிட்டாயை உடைத்து உடைத்து வாயில் போட்டேன். அவர் மென்று விழுங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"என்னப்பா சொல்றாரு? எந்த ஹாரன்?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "காலையில உங்க தெருவுல வாரப்ப நீங்க கோலம் போட்டுட்டு நிப்பீகல்லக்கா. பாத்துட்டு வந்து, இந்த முக்குல ரெண்டு ஹாரன் அடிப்பேன். வீட்ல நல்லா இருக்காகன்னு மாமாவுக்கு. உங்களுக்குக் கல்யாணமான புதுசுல, எங்க அப்பாரு ஜீப்பு ஓட்டுன காலத்துலருந்து அப்படித்தான். நீங்க வேணாம்னதும் ரெண்டையும்தான் வேணாம்னீகன்னு நிறுத்திட்டேன்."

ஹாரன் இல்லை, என் போனும் இல்லை. பத்து நாள். நான் இங்கே புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். அவருக்கு அந்தப் புள்ளியைப் பார்க்கத் தெரியாது. ஆட்கள் இறங்கிப் போன பிறகு தனியாக இருக்க மனசு கேட்காமல், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று, போனும் இல்லாமல், மத்தியானச் சோற்றைத் தொடாமல், பஸ் பிடிக்க மேடேறி வந்திருக்கிறார்.

கால் மணி நேரம் கழித்து அவருக்குத் தெளிந்தது. என்னையும் ஜீப்பையும் மழையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ எப்ப வந்த? ஒடம்புக்கு என்ன? ஏன் ஹாரன் இல்ல?"

எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.