தஹ்சீன் வேட்டை

ஊர் கூடி ஒருத்தியைத் திட்டுவதென்று முடிவு செய்துவிட்டால், அவள் பக்கத்து நியாயத்தை எவன் கேட்கப்போகிறான்? தஹ்சீனிடமும் யாரும் கேட்கவில்லை. அறிவிப்புக்குக் கீழே அவள் பெயர் இருந்தது. அதுவே போதும் என்றுவிட்டார்கள்.

ஜாம்பஜாரில் தையல் சாமான் கடை வைத்திருக்கும் பீர் முஹம்மதுவின் ஒரே மகள் அவள். பெருங்குடியில் ஒரு கால் சென்டரில், வெள்ளைக்காரன் திட்டத் திட்ட, சிரித்த குரலிலேயே பதில் சொல்லிப் பழகியவள். அந்தப் பழக்கம்தான் தி.நகர் வேலையை வாங்கிக் கொடுத்தது. பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் 'ஆழி' என்று ஒரு கம்பெனி. 'கடல்கொண்டான்' என்ற விளையாட்டைப் புத்தகமாகப் போட்டு விற்கிறவர்கள்.

காய் நகர்த்துகிற விளையாட்டு இல்லை அது. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி தோணிக்காரி, ஒருத்தன் திருடன், இப்படி. ஒருவர் கதையை நடத்துவார். வெட்டினால் விழுமா, குதித்தால் பிழைப்போமா என்பதைப் பகடை சொல்லும். கதை நடத்துகிறவருக்குப் புத்தகத்தில் என்னவோ பெரிய பெயர் போட்டிருக்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் 'கண்டக்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அரக்கன் கிரக்கன் செத்து விழுந்தால் எல்லாரும் சேர்ந்து மேசையைத் தட்ட வேண்டும். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து சண்டை பிடிக்கிற அளவுக்குத் தட்டுவார்கள்.

விளையாடுகிறவர்களின் சந்தேகம், புகார், கெஞ்சல் எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவது தஹ்சீனின் வேலை. ஒவ்வொரு பதிலின் கீழேயும் 'அன்புடன், தஹ்சீன்' என்று போடுவாள். தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பகடையைத் தொட வேண்டும் என்பது அந்த மேசைகளில் ஒரு வழக்கம். அதை ஆபீசுக்கும் கொண்டுவந்துவிட்டாள், பைத்தியக்காரி.

அவளுக்கென்று ஒரு மேசை இருந்தது. பெசன்ட் நகரில் லாவண்யாவின் ஃபிளாட்டில், ஞாயிற்றுக்கிழமை தோறும். லாவண்யாதான் கண்டக்டர், இந்த விளையாட்டுக்குப் புதுப்புதுக் கதைகள் எழுதி விற்கிறவளும்கூட. நாகராஜ் என்று ஒருவன், கிண்டியில் லேத் பட்டறை வைத்திருப்பவன், வாய் ஓயாதவன். தஹ்சீனின் சாச்சா மகன், அதாவது சித்தப்பா பிள்ளை, தல்ஹா, எந்தச் சண்டையிலும் வாயே திறக்காதவன். அவளைப் பெற்ற அம்மி ஜமீலுன்னிசா மௌத்தாகிப்போன வருஷம், அவளைச் சிரிக்க வைத்து ரெண்டு வாய் தின்ன வைத்தது அந்த மேசைதான்.

பகடை உருட்டும் முன் தஹ்சீன் அதை நெற்றியில் ஒற்றி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பாள். துவா ஓதுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். துவாவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மி கடைசியாக அவள் நெற்றியைத் தடவிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். அந்த இடத்தில் பகடையை வைத்து 'அம்மி' என்று கூப்பிடுவாள், அவ்வளவுதான். எலியட்ஸ் பீச்சில் சுண்டல் தின்றுகொண்டே ஒருநாள் லாவண்யாவிடம் மட்டும் இதைச் சொல்லி அழுதிருக்கிறாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முதலாளி அசோகனுக்கு ஆசை பிறந்தது. கடல்கொண்டானை வைத்து யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம், விற்கலாம், எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று ஆரம்பத்தில் வாக்குக் கொடுத்த கம்பெனி அது. அந்த வாக்கை நம்பித்தான் நூறு லாவண்யாக்கள் எழுதினார்கள். இப்போது புது விதி: எழுதுகிற எதையும் எங்களிடம் பதிவு செய்ய வேண்டும், விற்பனையில் எங்களுக்குப் பங்கு தர வேண்டும், பிடித்துப்போனால் கதையையே நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

"பழைய ஆளுங்களையாவது விட்டுடுங்க சார். அவங்க எழுதுறதாலதான் நம்ம புக்கே விக்குது," என்று தஹ்சீன் மன்றாடினாள்.

"நீ போஸ்ட்டைப் போடும்மா. மத்ததை வக்கீல் பாத்துப்பாரு. கம்பெனி பேர்லயே போட்டுடு."

"பேர் இல்லாம போட்டா மொட்டைக் கடுதாசி மாதிரி இருக்கும் சார்."

"அட, உன் இஷ்டம்," என்று அசோகன் சிரித்தார். ஏன் சிரிக்க மாட்டார்? தன் தலைக்கு வர வேண்டிய அடியை வாங்கிக்கொள்ள ஒருத்தி தானாக வந்து தலையை நீட்டுகிறாளே! 'அன்புடன், தஹ்சீன்' என்று முடித்து அறிவிப்பைப் போட்டாள்.

கிழி கிழி என்று கிழித்தார்கள். புத்தகங்களைக் கடற்கரையில் போட்டுக் கொளுத்தி வீடியோ எடுத்தார்கள். அது அவர்கள் காசு, கொளுத்தட்டும். அவள் போட்டோவுக்குக் கொம்பு வரைந்தார்கள். பெற்ற அம்மாகூடச் சகிக்க மாட்டாள் என்று ஒருவன் எழுத, அதற்கு ஆயிரம் பேர் சிரித்தார்கள். எவனோ கடை நம்பரைத் தேடிப் பிடித்து, "உன் பொண்ணு அங்கயும் கப்பம் வாங்குதா நைனா?" என்று கேட்டான். பீர் முஹம்மது போனை வைத்துவிட்டு, "யாரும்மா இவங்கள்லாம்?" என்றார்.

"விளையாடுறவங்க அப்பா," என்றாள் தஹ்சீன்.

கடைசியில் ஒரு கதை வந்தது. இலவசம், எழுதியவர் பெயர் கிடையாது. 'தஹ்சீன் வேட்டை.' கதை சொல்கிறவன் நாக்கை அறுத்துக் கப்பமாக வாங்கும் ஓர் அரக்கி, பெயர் தஹ்சீன். அவளைத் தேடிப் போய்க் கொல்ல வேண்டும். அடையாறிலும் மயிலாப்பூரிலும் மேசை மேசையாக அவளைக் கொன்றார்கள். கொன்று மேசையைத் தட்டுகிற சத்தத்தைப் பதிவு செய்து அவளுக்கே அனுப்பினார்கள். படித்தால் தாங்க மாட்டோம் என்று அவள் அந்தக் கதையைத் திறக்கவே இல்லை. உலகமே காறித் துப்பட்டும், ஞாயிற்றுக்கிழமை மேசை மட்டும் போய்விடக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆனால் லாவண்யாவிடமிருந்து போனும் இல்லை, பதிலும் இல்லை.

அசோகன் பயந்துபோய் விதியை வாபஸ் வாங்கினார். உடனே பெரிய மனுஷன், காது கொடுத்துக் கேட்கிறவர் என்று அவருக்கு ஒரே புகழ்மாலை! மறுவாரம் தஹ்சீனைக் கூப்பிட்டு, "உன் பேரைப் பாத்தாலே ஜனங்களுக்குப் பழசு ஞாபகம் வருதும்மா," என்று வீட்டுக்கு அனுப்பினார்.

அன்று சாயங்காலம் லாவண்யாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. 'ஞாயித்துக்கெழம வந்துடு. உன் சேர் காலியாத்தான் கீது.'

வேலை போன துக்கம்கூடப் போயே போச்சு. ஜாம்பஜாரில் சூடாக மட்டன் சமோசா கட்டிக்கொண்டு ஓடினாள். நாகராஜ் கதவைத் திறந்து, "வா வா அரக்கி!" என்றான். அதற்கும் சிரித்தாள். தல்ஹா நாற்காலியை இழுத்துப் போட்டான். லாவண்யா அவளைக் கட்டிக்கொண்டாள், கொஞ்சம் சீக்கிரமாகவே விட்டுவிட்டாள்.

"இன்னிக்கு அந்த வேட்டையையே ஆடிடலாம்னு நாகு சொல்றான்," என்றாள் லாவண்யா. "நம்மளே ஆடிச் சிரிச்சுட்டா அப்பறம் அது வலிக்காது, இல்ல?"

மாட்டேன் என்றால் மறுபடி கூப்பிடுவார்களோ மாட்டார்களோ. "நான் இன்னும் அதைப் படிக்கவே இல்ல. ஆடலாமே," என்றாள் தஹ்சீன்.

"அப்ப அரக்கிக்கு நீயே உருட்டு. நாகு, நீ கண்டக்டரா இரு. எனக்குத் தொண்டை சரியில்ல."

நாகராஜ் போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே போனான். சதுப்பு நிலம், நாக்குகள் தொங்கும் மரம், குகை. தல்ஹாவின் திருடன் உள்ளே நுழைந்தான். "அரக்கி அடிக்கிறா. உருட்டு!" என்றான் நாகராஜ்.

தஹ்சீன் தன் பெயரைச் சொன்னாள். பகடையை எடுத்து, நெற்றியில் ஒற்றி, உதட்டை அசைத்தாள்.

நாகராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏய், படிக்கல படிக்கலன்னு சொல்லிட்டு எல்லாத்தையும் படிச்சுட்டு வந்துகினு கீறியா? அப்டியே பண்றியே!"

"எதை?"

"இதோ," என்று அவன் சத்தமாகப் படித்தான். "'அரக்கி அடிக்கும் முன் பகடையை நெற்றியில் ஒற்றிச் செத்துப்போன தன் தாயைக் கூப்பிடும். அந்த நேரத்தில் அதற்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. வெட்ட அதுதான் சமயம். வெட்டுகிறவருக்கு இரண்டு புள்ளி கூடுதல்.'"

தஹ்சீன் நிமிர்ந்து லாவண்யாவைப் பார்த்தாள். லாவண்யா சமோசாத் தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"உருட்டுடி," என்றாள், தட்டைப் பார்த்தபடியே. "கதைதானே."

கை தானாகத் திறந்துகொண்டது. பகடை உருண்டு மூன்றில் நின்றது. தல்ஹா உருட்டியதில் நாலு. நாகராஜ் விரல் விட்டு அதோடு ரெண்டைக் கூட்டினான். அவனுக்குப் பாவம் ஒன்றும் தெரியாது.

"செத்துட்டாடா!" என்று கத்தி மேசையைத் தட்டினான். தல்ஹாவும் தட்டினான். கொஞ்சம் தயங்கி, லாவண்யாவும் தட்டினாள்.