மண் ஆகாத செடி

இராயபுரத்தில் விடிந்ததும் எனக்கு முதல் வேலை, சன்னலில் தொங்கும் தசின் என்கிற பர்மா பூச்செடியின் இலைகளைத் துடைப்பது. துணி கறுத்துவிடும். துறைமுகத்து ரயில் எஞ்சின் ராத்திரியெல்லாம் கக்கிய கரி. ரங்கூனில் எந்த இலையைத் துடைத்தாலும் துணியில் மழை ஈரம்தான் இருக்கும். இத்தனை வருஷமாகியும் அந்தக் கறுத்த துணியைப் பார்த்தால், யார் வீட்டிலோ விருந்தாளியாக இருக்கிற மாதிரி அலுப்பாக இருக்கிறது.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது கப்பலேறி வந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாத்திரம் பண்டமெல்லாம் போனது. பக்கத்து வீட்டு பர்மாக்காரி தேங்காய் மட்டையில் கட்டிக்கொடுத்த இந்தச் செடி மட்டும் என் மடியில் வந்தது. குளிர்காலத்தில் சரம் சரமாக வெள்ளைப் பூ விடும்; அங்கே பெண்கள் கொண்டையில் வைப்பார்கள். மரத்தில் ஒட்டி வாழ்கிற ஜாதி. கரித்துண்டும் மட்டையும் போதும், மண் ஆகாது.

ரங்கூனிலேயே தங்கிவிட்ட என் மகன் போன வருஷம், "அம்மாவை வரச் சொல்" என்று ஆளிடம் சொல்லி அனுப்பினான். கப்பலில் தூக்கிப்போகத் தோதாகச் சின்னத் தொட்டிக்கு மாற்றலாமென்று செடியைப் பிரித்து வைத்தேன். அதற்குள் திருவொற்றியூரில் தங்கை மகளுக்கு இடுப்பு வலி என்று ஆள் வரவே, அப்படியே வாசலில் போட்டுவிட்டு ஓடினேன். பத்தியம் பார்த்துத் திரும்பினால், செடி கழுத்துவரை மண்ணில் நிற்கிறது. பக்கத்தில் எதிர்வீட்டு மீன்காரி அஞ்சலை, பெருமையாக.

"இன்னா ரங்கூனம்மா, கரியத் துன்ன வச்சிகினு கீறே இத்த? நல்ல மண்ணாப் போட்டு, தெனம் மீன் கழுவுன தண்ணி ஊத்திகீறேன்."

"ஐயோ, மண்ணு ஆகாதுடி இதுக்கு!"

"மண்ணு ஆகாத செடி இன்னா செடி? ஒன்னியமாரியே ராங்கி புட்ச்சது."

பிடுங்கிக் காட்டினேன். வேரெல்லாம் அழுகி, கையோடு வந்தது. அவள் அழுகின வேரை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மறுநாள் காலையில் தேங்காய் மட்டையும் வலைக்கயிறும் கொண்டுவந்து, மிச்சமிருந்த தண்டைக் கட்டிக் கொடுத்தாள். "அழுவாதே," என்றாள். நான் அழவில்லை.

கப்பல் போய்விட்டது. இது பிழைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது பச்சை நுனியோடு இரண்டு வேர் விட்டிருக்கிறது. ஒன்று மட்டைக்குள் போனது. மற்றது உப்புக்காற்றில் துருவேறிய சன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டது. மகனிடமிருந்து மறுபடி ஆள் வந்திருக்கிறான்.

"எப்போ கப்பலு?" என்று அஞ்சலை வாசலில் நின்று கேட்டாள்.

மட்டையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வேர் கம்பியை விடவில்லை.

"பூ விடட்டும்," என்றேன்.