கேமராவில் காலிக் கட்டில்

துறைமுகத்தில் சரக்குக் காகிதங்களோடு நின்றபடி செல்போனில் வீட்டுக் கேமராவைத் திறந்தேன். காலையில் உறைந்துபோன படம். அப்பாவின் கட்டில் காலி. பக்கவாதம் வந்து இரண்டு மாதமே ஆன மனிதர். மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. விழுந்துவிட்டார் என்றே முடிவுகட்டினேன். ஸ்கூட்டரில் வீட்டுக்கு விரைந்தேன்.

அப்பா நாற்காலியில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மதியக் கோயில் மணி அடித்துவிட்டால் ஜெபம் முடியும்வரை போனைத் தொடமாட்டார். அதை எப்படி மறந்தேன்?

வைஃபை ரூட்டரைப் பார்த்தேன். வேகம் வேண்டுமென்று காலையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அணைத்து, 5-ஐ மட்டும் விட்டவள் நானேதான். கேமரா 2.4-இல் மட்டுமே இணையுமாம்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா சிரித்தார்.

“ஏளா, கேமரா நின்னாத்தான் மத்தியானம் வீட்டுக்கு வருவியா?”

ரூட்டரை அன்றே சரிசெய்துவிட்டேன். ஆனாலும் மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தேன்.