பேனல் பெட்டி எறும்புகள்

நெருப்பெரிச்சல் ஊரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீசியனாகவே தலை நரைத்துவிட்ட கன்னையனுக்கு ஆயுத பூஜை என்றாலே எரிச்சல். மெஷினுக்குக் கரண்ட் போகும் பேனல் பெட்டியின் மேல் பொரியும் நாட்டுச்சர்க்கரையும் வைக்காதீர்கள் என்று வருடா வருடம் சொல்கிறார். இந்த வருடமும் அங்கேதான் வைத்தார்கள்.

அடுத்த வாரமே மெஷின் நின்றது. பெட்டியைத் திறந்தால், ஸ்விட்ச் முனைகளுக்கு நடுவே கருகிய எறும்புகள் அடைத்துக் கிடந்தன. பிரஷ்ஷால் தள்ளிவிட்டு ஓட்டினார். மதியத்துக்குள் மறுபடியும் நின்றது. திட்டு அவருக்குத்தான்.

"சர்க்கரையத்தான் தொடச்சாச்சே, இன்னும் ஏனுங்கண்ணா வருது?" என்றார் சூப்பர்வைசர் அருள்குமார்.

"சர்க்கரைக்கு வந்தது மொதல்ல வந்தது மட்டுந்தானுங்க. உள்ள போயி ஒண்ணு ஷாக்கடிச்சுச் சாகறப்ப ஒடம்புல இருந்து ஒரு வாசம் உடுது. ஆபத்துன்னு கூப்புடற வாசமுங்க. அதுக்கு மத்ததெல்லாம் ஓடி வருது. வந்து அதுவுஞ் சாகுது, அதுக்கு இன்னுங் கொஞ்சம் வருது. நான் கூட்டித் தள்ளிக்கிட்டே இருக்கறனுங்க."

"அறிவில்லாத பூச்சி" என்று அருள்குமார் சிரித்தார்.

கன்னையன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். போன ஆடியில் இதே பெட்டி ஷாக்கடித்து அவரைத் தூக்கி எறிந்தது. எழ முடியாமல் தரையில் கிடந்தவரிடம் வந்தவர் அருள்குமார் ஒருவர்தான். மற்றவர்கள் அவரவர் மெஷினை விட்டு நகரவில்லை. வந்தவரும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மெஷின் எப்பங்கண்ணா ஓடும்?"

"ஆமாங்க சார்" என்றார் கன்னையன். "அறிவிருந்தா ஓடி வந்திருக்காதுங்க."